நிலம் முதல்ல போறது பேப்பர்லதான்: பினாங்குல விவசாய நிலத்தைக் காப்பாத்த ஒரு முழு வழிகாட்டி

ஜாவி பக்கத்துல எங்க தாத்தா வாங்கிப் போட்ட மூணு ஏக்கர் இருக்கு, அதுக்கு அடுத்த நிலத்துல ஒரு நாள் காலைல லாரி லாரியா செம்மண் வந்து கொட்ட ஆரம்பிச்சுச்சு. மாமா அப்போ வெண்டைக்காய் பறிச்சுக்கிட்டு இருந்தாரு, என்னப்பா இதுன்னு கேட்டா டிரைவருக்கு ஒண்ணும் தெரியல. அப்பறம் ஓடி ஓடி விசாரிச்சப்பதான் தெரிஞ்சுச்சு, அனுமதி கிடைச்சு எட்டு மாசம் ஆச்சாம், பக்கத்து நிலத்துக்காரங்களுக்கெல்லாம் நோட்டீஸ் போயாச்சாம், எங்களுக்கும் போயிருக்கு, எங்க போயிருக்கு தெரியுமா, செத்து பதினாறு வருஷம் ஆன தாத்தா பேருக்கு, இடிச்சுத் தள்ளின தோட்டத்து லயத்து அட்ரஸுக்கு.

அதுக்கப்பறம் நான் கத்துக்கிட்டது எல்லாத்தையும் இங்க எழுதுறேன். நம்ம ஆளுங்க நிறைய பேரு புல்டோசர் வந்தப்பறம்தான் ஒய்.பி. (நம்ம தொகுதி சட்டமன்ற உறுப்பினர்) வீட்டு வாசல்ல போய் நிக்கிறோம், அதுக்குள்ள ரெண்டு மூணு கதவு மூடிடுது. எந்தக் கதவு எப்போ திறந்திருக்கும்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. இது பினாங்குக்கு எழுதினது, முக்கியமா செபராங் பிறைக்கு. கோலாலம்பூர்ல இருக்கிறவங்களுக்குத் திட்டச் சட்டமே வேற, 1982-ல வந்த கூட்டரசுப் பிரதேசத் திட்டச் சட்டம், அதனால இதை அப்படியே அங்க கொண்டு போகாதீங்க.

முதல் வேலை: கிராண்டை எடுத்துப் படிங்க

அலமாரில பிளாஸ்டிக் பைக்குள்ள சுத்தி வெச்சிருக்கிற கிராண்டை, அதான் நிலப் பட்டாவை, எடுங்க. போட்டோகாபி மட்டும்தான் இருக்குன்னா லேண்ட் ஆபிஸ்ல போய் 'சாரியான்' போடுங்க, கொஞ்சம் காசுதான், இன்னைய நிலவரம் என்னன்னு பேப்பர்ல வந்துடும். அதுல நாலு விஷயம் பாக்கணும். 'காத்தெகோரி கெகுனாஆன் தானா'ன்னு ஒரு இடம் இருக்கும், தேசிய நிலச் சட்டப்படி வகை மூணுதான், விவசாயம், கட்டடம், தொழில். அதுக்குக் கீழ 'சியாராத் ஞாத்தா', அதாவது இந்த நிலத்துல என்ன செய்யலாம்னு வெளிப்படையா எழுதியிருக்கிற நிபந்தனை. அப்பறம் 'செக்காத்தான் கெபெந்திஙான்', விக்கிறதுக்கு வாங்குறதுக்கு ஏதாச்சும் தடை இருக்கான்னு. கடைசியா யாரு பேரு, எந்த அட்ரஸ். பழைய பினாங்கு கிராண்டுங்க சிலதுல வகையே எழுதியிருக்காது, 'ஃபர்ஸ்ட் கிரேட்'னு இருக்கும், அப்படி இருந்தா நீங்களா ஒரு முடிவுக்கு வராம கவுண்டர்லயே தெளிவாக் கேட்டுக்கோங்க.

பேரு செத்தவங்க பேர்ல இருந்தா வேற எதையும் தொடாதீங்க, முதல்ல அதை மாத்துங்க. சின்ன எஸ்டேட் பங்கீட்டுச் சட்டம்னு 1955-லேர்ந்து இருக்கு, உயில் எழுதாம செத்துப்போய் நிலமும் இருந்தா கோர்ட்டுக்குப் போகாம 'புசாக்கா' ஆபிஸ்லயே முடிக்கலாம், முன்னாடி மொத்தச் சொத்து 2 மில்லியன் வெள்ளிக்குள்ள இருக்கணும், இப்போ 5 மில்லியன் வரைக்கும் ஏத்திட்டாங்க. எங்க வீட்டுல இது இழுத்த காரணம் சட்டம் இல்ல, சண்டை. அஞ்சு பிள்ளைங்க, மூணு ஏக்கர், "என் பங்கை வெட்டிக் குடு"ன்னு ஒவ்வொருத்தரும். வெட்ட முடியாது. விவசாய நிலத்தை ஒரு ஹெக்டேர்ல அஞ்சுல ரெண்டு பங்குக்குக் கீழ தனித்தனி கிராண்டா பிரிக்க நிலச் சட்டம் விடாது, அதாவது கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். மூணு ஏக்கரை மூணாதான் வெட்டலாம், அஞ்சா வெட்ட முடியாது. அஞ்சு பேரும் பங்குதாரரா ஒரே கிராண்ட்ல இருக்கலாம், ஆனா அப்பறம் முழு நிலத்தையும் விக்கணும்னாலும் அடகு வெக்கணும்னாலும் கையெழுத்துக்கு அலையணும். கடைசில மத்த மூணு பேரு பங்கை மாமாவும் அம்மாவும் சேர்ந்து வாங்கிக்கிட்டாங்க, அதுக்கு ரெண்டு தீபாவளி ஆச்சு.

அட்ரஸ் மாறியிருந்தா உடனே லேண்ட் ஆபிஸ்ல எழுதிக் குடுங்க. நோட்டீஸ் எல்லாம் அந்த அட்ரஸுக்குத்தான் போகும், "எனக்குக் கிடைக்கவே இல்ல"ன்னு அப்பறம் அழுது பிரயோஜனம் இல்ல.

கிராண்ட் வேற, ஸோனிங் வேற

இதுலதான் பாதி பேரு குழம்புறாங்க. கிராண்ட்ல விவசாயம்னு போட்டிருக்கு, அதனால பயம் இல்லன்னு நினைக்கிறாங்க. கிராண்ட்ல இருக்கிறது நிலச் சட்டத்துல வர்ற வகை. ஸோனிங்ங்கிறது திட்டத்துல வர்ற கலர். 1976-ல வந்த நகர், கிராமத் திட்டச் சட்டம், எல்லாரும் 'அக்தா 172'னு சொல்லுவாங்க, அதுக்குக் கீழதான் மாநிலத்துக்கு ஒரு ஸ்ட்ரக்சர் பிளானும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு லோக்கல் பிளானும் போடுறாங்க. உங்க கிராண்ட் விவசாயம், ஆனா பிளான்ல உங்க பகுதி மேல இண்டஸ்ட்ரி கலர் அடிச்சிருந்தா, நாளைக்கு அடுத்த நிலத்துக்காரரு நிலச் சட்டத்து 124-வது பிரிவுல வகை மாத்தச் சொல்லி மனு போட்டா அவருக்கு வழி சுலபம், ப்ரீமியம் கட்டிட்டு வேலையை ஆரம்பிச்சுடுவாரு. அதே பகுதி பிளான்ல விவசாயமா இருந்தா அந்த மனுவை எதிர்க்க உங்க கைல ஒரு ஆயுதம் இருக்கு.

உங்க லாட் என்ன கலர்னு பாக்க ரெண்டு வழி. பிளான்மலேசியாவோட ஐ-பிளான் வெப்சைட்ல முக்கிம் பேரும் லாட் நம்பரும் தட்டிப் பாக்கலாம். ஆனா நான் சொல்றது, ஒரு தடவை நேரா மாநகர் மன்றத்துத் திட்டப் பிரிவுக்குப் போங்க, மேப்பை விரிச்சுக் காட்டச் சொல்லுங்க, ஓரத்துல இருக்கிற கலர் விளக்கத்தையும் போட்டோ எடுத்துக்கோங்க. தீவுல இருந்தா பினாங்குத் தீவு மாநகர் மன்றம், இந்தப் பக்கம் செபராங் பிறை மாநகர் மன்றம். போறப்ப ஒரு கேள்வி கண்டிப்பாக் கேளுங்க: "எங்க இடத்துக்கு லோக்கல் பிளான் கெஸட் ஆயிடுச்சா?" அதாவது அரசிதழ்ல வந்து அமலுக்கு வந்துடுச்சான்னு. ஏன்னா பினாங்குல பல வருஷமா லோக்கல் பிளான் டிராஃப்ட்லயே கிடந்துச்சு, 2030 ஸ்ட்ரக்சர் பிளான் 2019-லயே கெஸட் ஆயிடுச்சு, லோக்கல் பிளான்தான் இழுத்துச்சு. கெஸட் ஆகியிருக்கா இல்லையாங்கிறதுலதான் உங்க உரிமை என்னன்னு இருக்கு, கீழ சொல்றேன்.

ஸ்ட்ரக்சர் பிளானைச் சும்மா அலங்காரப் புத்தகம்னு நினைக்காதீங்க. சுங்கை ஆரா மலைச்சரிவு வழக்குல, மலை நிலத்துல வீடு கட்டக் குடுத்த அனுமதியை எதிர்த்துப் பக்கத்துக் குடியிருப்புக்காரங்க வருஷக்கணக்கா போராடி, 2023-ல ஃபெடரல் கோர்ட்ல ஜெயிச்சாங்க. கெஸட் ஆன ஸ்ட்ரக்சர் பிளானை மன்றம் ஓரமா வெச்சுட்டு அனுமதி குடுக்க முடியாதுன்னு அதுல வந்துச்சு. பாலிக் புலாவ் பக்கம் டுரியான், ஜாதிக்காய் வெச்சிருக்கிறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா பினாங்குல 250 அடிக்கு மேல இல்ல 25 டிகிரிக்கு மேல சரிவு இருந்தா அது மலை நிலக் கணக்கு.

டிராஃப்ட் பிளான் வர்றப்ப: இதுதான் பெரிய கதவு

ஒரு தனி வீட்டுத் திட்டத்தை எதிர்க்கிறதுன்னா ஒரு மரத்தைக் காப்பாத்துற மாதிரி, டிராஃப்ட் பிளான்லயே பேசிட்டா தோட்டத்தையே காப்பாத்தலாம். லோக்கல் பிளான் டிராஃப்ட் தயாரானதும் மன்றம் பேப்பர்ல விளம்பரம் போடணும், பொது இடத்துல மேப்பை மாட்டணும், ஆட்சேபம் எழுதிக் குடுக்க நாலு வாரத்துக்குக் குறையாம நேரம் குடுக்கணும், இதெல்லாம் சட்டம். பிளானைப் பின்னாடி திருத்தினாலும் ஜனங்ககிட்ட கேக்கணும். பிரச்சனை என்னன்னா அந்த விளம்பரம் நம்ம வீட்டுல வாங்குற தமிழ்ப் பேப்பர்ல வரும்னு நம்பி உக்கார முடியாது. அதனால எம்.பி.கே.கே. (கிராம நிர்வாக மன்றம்) தலைவரு, கோயில் கமிட்டி, பெலாடாங் (விவசாயிகள்) சங்கம், ஏதாச்சும் ஒரு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஆளை இதுக்குன்னே வெச்சுக்கோங்க, மாசம் ஒரு தடவை மன்றத்து வெப்சைட்டைப் பாக்குறது அவரு வேலை.

ஆட்சேபக் கடிதம் எப்படி எழுதணும்? மலாய்ல எழுதுங்க. "மூணு தலைமுறையா இங்க வாழுறோம், எங்க வியர்வை இந்த மண்ல"ன்னு எழுதினா படிக்கிற ஆபிசருக்குப் பாவமா இருக்கும், ஆனா அவரு ரிப்போர்ட்ல எழுத ஒண்ணும் கிடைக்காது. லாட் நம்பர், ஏக்கர், கலர் என்ன, நீங்க கேக்குறது என்ன கலர், இதை முதல் பாராலயே சொல்லிடுங்க. அப்பறம் காரணம்.

காரணத்துல பெரிசு தண்ணி. செபராங் பிறை வடக்குல நெல் போடுற பெனாகா, கெப்பாலா பத்தாஸ் பக்கம் பாத்தீங்கன்னா ஒரு வயலுக்குப் போற தண்ணி இன்னொரு வயலைத் தாண்டித்தான் போகுது, நடுவுல ஒருத்தரு நிலத்தை மண் கொட்டி உசத்திட்டா மேல இருக்கிறவனுக்கு வெள்ளம், கீழ இருக்கிறவனுக்கு வறட்சி. தாழ்வான நிலம் மழைத் தண்ணியை வாங்கித் தேக்கி மெதுவா விடுது, அதை சிமெண்ட் போட்டு மூடினா தண்ணி வேற எங்கயாச்சும் போய்த்தான் ஆகணும். 2017 நவம்பர் 4, 5 தேதில பினாங்கே முங்குச்சே, அதைப் பாத்த எந்த ஆபிசரும் வெள்ளம்னு எழுதின கடிதத்தைச் சாதாரணமாத் தள்ளிட மாட்டாரு. கால்வாய் எங்க ஓடுது, மழை பெஞ்சா தண்ணி எங்க நிக்குது, போட்டோல தேதியோட காட்டுங்க.

ரெண்டாவது, அந்த நிலம் உண்மையிலேயே விளையுதுன்னு காட்டணும். மொத்த மார்க்கெட்டுக்குக் காய் போட்ட ரசீது, உர மானியப் பேப்பர், பெலாடாங் சங்க கார்டு, மைகேப்னு நல்ல விவசாய முறைக்குக் குடுக்கிற சான்றிதழ் இருந்தா அது. எங்க மாமாகிட்ட முப்பது வருஷத்துல ஒரு ரசீது இல்ல, எல்லாம் கைக்குக் கை, சீனன் டவுக்கே நோட்டுல மட்டும் எழுதி வெச்சிருந்தாரு. "தரிசு நிலம்தானே"ன்னு எதிர்த் தரப்பு சொன்னப்ப எங்களால வாயத் திறக்க முடியல. லாலான் புல் மண்டிக் கிடந்தா இன்னும் மோசம், விவசாய வகைல இருக்கிற நிலத்துல பயிர் வைக்கணும்ங்கிறதே சட்டப்படி ஒரு நிபந்தனை, மீறினா கடைசில நிலத்தைப் பறிமுதல் பண்ற வரைக்கும் போகலாம்.

மூணாவது, இடைவெளி. முன்னாடி இருந்தது மாட்டுக் கொட்டாய், பின்னாடி வந்தது டெரெஸ் வீடு, ஆனா சாணி நாத்தம்னு கம்ப்ளைன் மாட்டுக்காரர் மேலதான் வரும். அதனால "விவசாய ஸோனையும் வீட்டு ஸோனையும் ஒட்டி வைக்காதீங்க, நடுவுல பஃபர் விடுங்க, அந்த பஃபரை டெவலப்பர் நிலத்துலேர்ந்து எடுங்க"ன்னு எழுதுங்க. கடைசி வரி முக்கியம், இல்லாட்டி உங்க நிலத்துல கோடு போட்டுடுவாங்க.

கடிதத்தைக் குடுக்கிறப்ப காப்பில சாப் (முத்திரை) அடிச்சு வாங்குங்க. நேர்ல வந்து பேச விரும்புறோம்னும் எழுதுங்க, விசாரணைக்குக் கூப்புடுவாங்க, அங்க பத்துப் பேரு ஒரே விஷயத்தைச் சொல்றதுக்குப் பதிலா பத்துப் பேரு பத்து லாட்டைப் பத்திப் பேசினா வேலை நடக்கும்.

பக்கத்து நிலத்துல மனு போட்டாச்சுன்னா

பெரிய வேலை எதுக்கும் 'கெபெனாரான் மெரான்சாங்', அதாவது திட்ட அனுமதி வேணும், மனு மன்றத்து ஓ.எஸ்.சி. (ஒரே இட மனு மையம்) வழியாப் போகும். உங்க இடத்துக்கு லோக்கல் பிளான் கெஸட் ஆகலைன்னா, அக்தா 172-ல 21-வது பிரிவுப்படி பக்கத்து நிலத்துச் சொந்தக்காரருக்கு மன்றம் நோட்டீஸ் அனுப்பணும், நோட்டீஸ் வந்த நாள்லேர்ந்து 21 நாள் உங்களுக்கு. ஒட்டியிருக்கிற நிலம், நடுவுல 20 மீட்டருக்குள்ள ரோடோ காவாயோ இருந்தா எதிர்ல இருக்கிற நிலம், இதெல்லாம் பக்கத்து நிலம்தான். அந்த 21 நாளுக்குள்ள ஆட்சேபம் போட்டு, அப்பறமும் அனுமதி குடுத்துட்டா, ஒரு மாசத்துக்குள்ள மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். ஆட்சேபமே போடாதவனுக்கு அந்தக் கதவு திறக்காது, எங்களுக்கு மூடுன கதவு இதுதான்.

பாருங்க, சட்டம் 'சொந்தக்காரரு'ன்னுதான் சொல்லுது. வாடகைக்குப் பயிர் வைக்கிறவங்களுக்கு நோட்டீஸ் வராது. அப்படி இருக்கிறவங்க நிலத்துக்காரர்கிட்ட இப்பவே பேசி, நோட்டீஸ் வந்தா வாட்ஸ்அப்ல அனுப்புங்கன்னு சொல்லி வைங்க.

அனுமதியை மொத்தமா நிறுத்த முடியலைன்னா நிபந்தனை கேளுங்க, இதைக் கோழைத்தனம்னு நினைக்காதீங்க. ஜே.பி.எஸ்-ல, அதான் வடிகால் பாசன இலாகால, மஸ்மான்னு ஒரு வடிகால் கையேடு வெச்சிருக்காங்க, அதுப்படி புதுத் திட்டம் தன் மழைத் தண்ணியைத் தன் இடத்துலயே தேக்கி விடணும். "தேக்கக் குளம் எங்க, எல்லைல காவாய் எங்க, மண் எவ்வளவு உசரம் கொட்டப் போறீங்க"ன்னு மூணே கேள்வி கேட்டா பிளானே மாறும் சில நேரம். அனுமதியே இல்லாம மண் கொட்டினா வேற கதை, 1974 ரோடு, வடிகால், கட்டடச் சட்டத்துல 70ஏ பிரிவுப்படி மண் வேலைக்கே மன்றத்து ஒப்புதல் வேணும், லாரி நம்பர் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து மன்றத்துக்கும் லேண்ட் ஆபிசுக்கும் ஒரே நாள்ல கம்ப்ளைன் போடுங்க, ஒருத்தருக்கு மட்டும் போட்டா இன்னொருத்தரைக் கை காட்டுவாங்க. அனுமதி இல்லாம மேம்பாட்டு வேலை செஞ்சா அக்தா 172-ல அபராதம் 5 லட்சம் வெள்ளி வரைக்கும் இருக்கு.

தோட்ட நிலம்னா ரெண்டு பூட்டு கூடுதலா இருக்கு

நம்ம ஆளுங்களுக்கு இது பழைய காயம். வெள்ளைக்காரன் தோட்டத்தை விட்டுட்டுப் போறப்ப துண்டு துண்டா விக்க ஆரம்பிச்சதாலதான் 1960-ல ம.இ.கா. தலைவரு சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சு, தொழிலாளிங்ககிட்டயே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கினாரு. அதே பிரச்சனைக்குத்தான் நிலச் சட்டத்துல 214ஏ பிரிவு வந்துச்சு, 40 ஹெக்டேருக்குக் குறையாத விவசாய நிலத்தைக் கை மாத்தணும்னா தோட்ட நில வாரியத்து ஒப்புதல் வேணும். இன்னொண்ணு, 100 ஹெக்டேருக்கு மேல இல்ல பத்தாயிரம் பேருக்கு மேல வர்ற மாதிரி புது டவுன் போட்டா தேசிய அளவுல இருக்கிற திட்டக் கவுன்சில் கருத்தையும் கேக்கணும். பத்து காவான் ஒரு காலத்துல முழுக்கத் தோட்டம், 2014-ல ரெண்டாவது பாலம் திறந்தப்பறம் இப்போ போய்ப் பாருங்க, ஃபாக்டரி, மால், காண்டோ. வேலை வந்துச்சு, இல்லன்னு சொல்லல, என் தம்பியே அங்கதான் வேலை செய்றான். ஆனா அதே வேகம் தெற்கால சுங்கை பக்காப், நிபோங் திபால் வரைக்கும் இறங்குது, அதை நிறுத்துற கோட்டை எங்க போடுறதுன்னு கேக்க வேண்டிய இடம் இந்த பிளான்தான்.

டி.ஓ.எல். நிலத்துல இருக்கிறவங்களுக்கு

கசப்பா இருக்கும், ஆனா கேளுங்க. டி.ஓ.எல்.ங்கிறது அரசு நிலத்துல இருக்கக் குடுக்கிற தற்காலிக உரிமம், அது வருஷக் கடைசில, டிசம்பர் 31-ல முடியும், ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கணும், இன்னொருத்தருக்கு மாத்திக் குடுக்க முடியாது, உரிமக்காரரு இறந்துட்டா உரிமமும் போச்சு. மாட்டுக்காரங்க, காய்கறிக்காரங்க நிறைய பேரு இதுலதான் இருக்காங்க. முடிஞ்சா மாநில அரசுகிட்ட குழுவா சேர்ந்து நிரந்தர உணவு உற்பத்திப் பூங்கா, அதான் டி.கே.பி.எம்., அதுல இடம் கேளுங்க, இல்ல அரசு நிலத்தை விவசாயத்துக்குன்னு ரிசர்வ் பண்ணச் சொல்லுங்க. நிலச் சட்டத்து 62-வது பிரிவுல ரிசர்வ் பண்ணினா அதை ரத்து பண்றதுக்கு நோட்டீஸ் குடுத்து விசாரணை வைக்கணும், டி.ஓ.எல்-லுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

விளையணும், காசு வரணும்

ஸோனிங் பச்சையா இருந்து என்ன, பயிர் வைக்க ஆள் இல்லன்னா அடுத்த பிளான்ல கலர் மாறிடும். பெரியவங்களால முடியாட்டி வேற யாருக்காச்சும் விடுங்க, ஆனா வாய்ப்பேச்சுல விடாதீங்க. மூணு வருஷம் வரைக்கும்னா பதிவு இல்லாத வாடகை ஒப்பந்தம் போதும், அதையும் கிராண்ட்ல எண்டோர்ஸ் பண்ணிக்கலாம், நிலம் கை மாறினாலும் குத்தகைக்காரனுக்குப் பாதுகாப்பு. மூணு வருஷத்துக்கு மேலன்னா லீஸ், அதை லேண்ட் ஆபிஸ்ல பதிவு பண்ணணும். டுரியான் வைக்கிறவன் மூணு வருஷ ஒப்பந்தத்துல வெச்சா அவன் கிறுக்கன், மரம் காய்க்கிறதுக்குள்ள ஒப்பந்தம் முடிஞ்சுடும். விக்கிறதுக்கு ஃபாமா (அரசாங்க விவசாயச் சந்தை வாரியம்) நடத்துற பாசார் தானில, அதான் விவசாயிகள் சந்தைல, இடம் கேளுங்க, ரசீதும் கைல இருக்கும்.

அரசாங்கமே எடுக்க வந்தா

1960 நில எடுப்புச் சட்டம் தனி உலகம், சுருக்கமா சொல்றேன். ஏ ஃபாரம் வந்தா எடுக்கலாம்னு யோசிக்கிறாங்க, டி ஃபாரம் வந்தா முடிவு பண்ணிட்டாங்க, ஈ ஃபாரம் விசாரணைக்குக் கூப்புடுறது. விசாரணைக்குக் கண்டிப்பாப் போங்க, உங்க கைலயும் ஒரு மதிப்பீட்டாளர் ரிப்போர்ட் இருக்கட்டும், மரம், கொட்டாய், பம்பு, கிணறு எல்லாத்தையும் பட்டியல் போட்டுக் குடுங்க. தொகை பத்தலைன்னா காசை வாங்குறப்பவே 'எதிர்ப்போட வாங்குறேன்'னு எழுதுங்க, அப்பறம் 'என்' (N) ஃபாரம் போட்டு ஹைகோர்ட்டுக்குப் போகலாம், விசாரணைல நீங்க இருந்திருந்தா லேண்ட் ஆபிஸ் தொகையைத் தீர்மானிச்ச நாள்லேர்ந்து ஆறு வாரம்தான்.

கவுன்சிலர்கிட்ட போறதைப் பத்தி ஒரு வார்த்தை. நம்ம நாட்டுல 1965-லேர்ந்து உள்ளாட்சித் தேர்தல் கிடையாது, கவுன்சிலரை மாநில அரசுதான் நியமிக்குது, அதனால அவரு உங்க ஓட்டுக்குப் பயப்பட மாட்டாரு, ஒய்.பி. பயப்படுவாரு. ரெண்டு பேருக்கும் ஒரே கடிதத்தோட காப்பி போகட்டும், மேல சாப் அடிச்ச மன்றத்துக் காப்பியை ஒட்டி வைங்க.

எங்க நிலத்துக்கு அடுத்தாப்ல இப்போ கொடோங் (கிடங்கு) நிக்குது, மழை பெஞ்சா மாமாவோட கடைசி ரெண்டு பாத்தில முழங்கால் தண்ணி. வடக்குப் பக்கம் இன்னொரு நிலம் சும்மா கிடக்குது, சொந்தக்காரரு ஈப்போல இருக்காரு. கிராண்ட் இப்போ அம்மா பேர்லயும் மாமா பேர்லயும், அட்ரஸ் எங்க வீட்டு அட்ரஸ், மாமா தினம் சாயங்காலம் மோட்டார்ல வந்து "லெட்டர் எதும் வந்துச்சா"ன்னு கேட்டுட்டுத்தான் டீ குடிக்கிறாரு.